பச்சை ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களுக்கு என் ரேட்டிங்

பிரிட்டனில் இருக்கிற எல்லாருக்கும் உணவுக் கடைகளின் இந்தச் சுகாதார ஸ்டிக்கர் தெரியும். கடைக் கண்ணாடியில் பச்சையும் கறுப்புமாக, 0 முதல் 5 வரை வட்டங்கள், அதில் ஒன்று மட்டும் பெரிதாக. ஈஸ்ட் ஹாமில் தோசை சாப்பிடப் போனாலும் டூட்டிங்கில் கொத்து வாங்கப் போனாலும் கதவைத் தள்ளும் முன் கண் ஒரு தடவை அதன் மேல் போய்வரும். எல்லாரும் உணவகங்களுக்குத்தான் விமர்சனம் எழுதுகிறார்கள், சாம்பார் தண்ணியாக இருந்தது, பில் வர அரை மணி நேரம் ஆனது என்று. நான் அந்த ஸ்டிக்கரைக் கொடுக்கிறவர்களுக்கு, அதாவது கவுன்சில் என்கிற உள்ளாட்சி அமைப்பின் உணவுச் சுகாதாரப் பிரிவுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். மாதாமாதம் கவுன்சில் டாக்ஸ் கட்டுகிறோம், ஊருக்கே மார்க் போடுகிறவர்களுக்கு யாராவது மார்க் போட வேண்டாமா?

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லது நிறைய இருக்கிறது. உணவுப் பாதுகாப்பைக் கவனிக்கிற அரசு அமைப்பான ஃபுட் ஸ்டாண்டர்ட்ஸ் ஏஜென்சியும் கவுன்சில்களும் சேர்ந்து 2010 நவம்பரில் தொடங்கிய திட்டம் இது. இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றிலும் உண்டு (ஸ்காட்லாந்தில் வேறு மாதிரி, அங்கே பாஸ் அல்லது முன்னேற வேண்டும், அவ்வளவுதான்). அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வருவார், மூன்று விஷயம் பார்ப்பார்: சாப்பாட்டை எப்படிக் கையாளுகிறார்கள், கட்டடமும் சாமான்களும் எந்த நிலையில் இருக்கின்றன, நாளைக்கும் இதே சுத்தம் இருக்கும் என்று நிர்வாகத்தை நம்பலாமா. சுவை, உபசரிப்பு, பரிமாறுகிற அழகு எதற்கும் இதில் மார்க் கிடையாது. ஒவ்வாமைத் தகவல் சரியாகச் சொல்கிறார்களா என்பதையும் இந்த எண் சொல்லாது, கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை வீட்டில் இருந்தால் 5ஐப் பார்த்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள், வாய் திறந்து கேளுங்கள்.

உள்ளே போடும் மார்க் தலைகீழ், பலருக்குத் தெரியாது. குறைந்தால் நல்லது. கையாளுவதற்கும் கட்டடத்துக்கும் தலா 0 முதல் 25 வரை, நிர்வாகத்துக்கு 0 முதல் 30 வரை. மூன்றையும் கூட்டி 15க்குள் வந்தால் 5, 20 வந்தால் 4, 25 அல்லது 30 என்றால் 3, இப்படிக் கீழே இறங்கி 50ஐத் தாண்டினால் 0. ஆனால் கூட்டல் மட்டும் போதாது, எந்த ஒரு தலைப்பிலும் தனியாக இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு தடுப்பும் இருக்கிறது. கையாளுதலுக்கு 5, கட்டடத்துக்கு 5, நிர்வாகத்துக்கு 20 வாங்கிய கடையை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 30, எனவே 3 கிடைக்க வேண்டும் என்று நினைப்போம். கிடைக்காது. 3 வாங்க எந்தத் தலைப்பிலும் 10ஐத் தாண்டக் கூடாது, 2 வாங்க 15ஐத் தாண்டக் கூடாது, ஆகவே பளபளவென்று இருக்கிற அந்த அடுப்படிக்கு வாசலில் ஒட்டப்படுவது 1.

நான் அடிக்கடி போகும் கடைக்காரர் ஒருவருக்குக் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. "தம்பி, கிச்சினுக்குள்ள வந்து பார், நிலத்தில சோறு போட்டுச் சாப்பிடலாம். எழுதி வைக்கேல்லை எண்டுதான் குறைச்சுப் போட்டினம்" என்றார். "எழுதி வைத்தால் என்ன அண்ணா, தினம் ஒரு கையெழுத்துதானே?" என்று கேட்டேன். "பதினொரு மணிக்குக் கடை பூட்டிப்போட்டு ஆர் குந்தியிருந்து எழுதுறது?" சிறு கடைகளுக்கென்று ஏஜென்சி ஒரு கோப்பு தருகிறது, அதில் ஒரு டைரி உண்டு, கடை திறக்கும்போதும் மூடும்போதும் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு ஒரு கையெழுத்து போட வேண்டும். ஃப்ரிட்ஜ் 8 டிகிரிக்குள் இருக்கிறதா, சூடாக வைத்திருக்கும் குழம்பு 63 டிகிரிக்கு மேல் இருக்கிறதா, வடித்த சோற்றை எவ்வளவு சீக்கிரம் ஆறவைத்து உள்ளே வைக்கிறீர்கள், இந்த மாதிரி. சோறு விஷயத்தில் அவர்கள் கறாராக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது, வெளியே கிடக்கும் சோற்றில் வளரும் ஒரு கிருமியின் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. இட்லி மாவு கதைதான் வேடிக்கை. இரவு முழுக்க வெளியே வைத்துப் புளிக்க விடுகிறோம், அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கடைக்காரருக்கும் தெரியாது, முதல் தடவை பார்க்கிற அதிகாரிக்கும் தெரியாது. பொறுமையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, இதை உங்கள் முறை என்று நாலு வரி எழுதிவையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போன அதிகாரியையும் எனக்குத் தெரியும். இந்தச் சேவையில் உருப்படியான பகுதி அந்தப் பத்து நிமிடம்தான், அதை எந்தப் புள்ளிவிவரமும் எண்ணுவதில்லை.

சரி, வெறும் காகிதத்துக்கா இவ்வளவு மார்க் என்று கடைக்காரர்கள் பொருமுவதில் நியாயம் இருக்கிறதா? பாதி இருக்கிறது. 2005 செப்டம்பரில் தெற்கு வேல்ஸில் நடந்ததைப் பாருங்கள். பள்ளிகளுக்குச் சமைத்த இறைச்சி கொடுத்துவந்த ஒரு கசாப்புக் கடை, அதிலிருந்து ஈ.கோலை ஓ157 என்ற கிருமி பரவி 157 பேர் நோயில் விழுந்தார்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், 5 வயதுப் பையன் ஒருவன் இறந்தே போனான். பச்சை இறைச்சிக்கும் சமைத்த இறைச்சிக்கும் ஒரே வாக்குவம் பேக்கிங் எந்திரம். பேராசிரியர் ஹியூ பென்னிங்டன் தலைமையில் நடந்த பொது விசாரணையின் அறிக்கை 2009 மார்ச்சில் வந்தது. அந்தக் கடையில் பதிவேடுகள் இல்லாமல் இல்லை, இருந்தன, ஆனால் முக்கியமான சிலவற்றை உரிமையாளர் பொய்யாக எழுதியிருந்தார், கவுன்சில் அதிகாரிகளிடமும் பொய் சொல்லியிருந்தார். அதிகாரிகள் போய்ப் பார்க்காமலும் இல்லை. போனார்கள், பார்த்தார்கள், வந்தார்கள், எத்தனை சோதனை முடித்தோம் என்ற கணக்கில் அதுவும் ஒன்றாக ஏறியிருக்கும். காகிதம் இல்லாத நல்ல கடையும் உண்டு, காகிதம் இருக்கிற கொலைகாரக் கடையும் உண்டு, இரண்டையும் பிரித்தறிவதற்குத்தான் அனுபவமுள்ள ஒரு மனிதர் நேரில் போய் எந்திரத்தைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்போது நான் உண்மையில் எழுத வந்த விஷயம். கடையை அளக்க இவ்வளவு நுணுக்கமான கோல் வைத்திருக்கிற கவுன்சில், தன்னை எதை வைத்து அளந்துகொள்கிறது?

இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் மத்திய அரசு கவுன்சில்களுக்கு வைத்த அளவுகோல்களில் பி.வி. 166 என்று ஒன்று. சுற்றுச்சூழல் சுகாதாரத்துக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கும் (கடைகள் சட்டப்படி வியாபாரம் செய்கின்றனவா என்று பார்க்கிற பிரிவு) ஒரு நல்நடைமுறைப் பட்டியல், அதில் எத்தனை உங்களிடம் இருக்கிறது என்று சரிபார்த்து நூற்றுக்கு இவ்வளவு என்று போட வேண்டும். கொள்கை ஆவணம் இருக்கிறதா, இருக்கிறது. வணிகர்களைக் கலந்து பேசினீர்களா, பேசினோம். டிக், டிக், டிக். ஊரில் ஒரு எலி குறைந்ததா என்று அந்தப் பட்டியல் கேட்காது. அதற்கப்புறம் 2005இல், சோதனைகள் எப்படி நடக்க வேண்டும் என்று அரசுக்காக பிலிப் ஹாம்ப்டன் எழுதிய அறிக்கை வந்தது, எல்லாக் கடைக்கும் ஒரே மாதிரி ஓடாதீர்கள், ஆபத்து எங்கே அதிகமோ அங்கே போங்கள் என்றது. 2008இல் 198 தேசியக் குறியீடுகள் கொண்டு வந்தார்கள், அதில் என்.ஐ. 182 என்பது கவுன்சில் நடந்துகொள்கிற விதத்தில் வணிகர்களுக்குத் திருப்தியா என்று கேட்டது, என்.ஐ. 184 என்பது உங்கள் பகுதி உணவுக் கடைகளில் எத்தனை சதவீதம் பெரும்பாலும் சட்டப்படி நடக்கின்றன என்று கேட்டது.

என்னைக் கேட்டால் இந்த 184 அருமையான கேள்வி. மேலே சொன்ன மூன்று தலைப்பிலும் 10ஐத் தாண்டாத கடைகள் எத்தனை என்பதுதான் அதன் கணக்கு, இன்றைய ஸ்டிக்கரில் சொன்னால் 3ம் அதற்கு மேலும். நீங்கள் எத்தனை கதவைத் தட்டினீர்கள் என்பதை விட்டுவிட்டு, தட்டியதால் ஊர் எப்படி இருக்கிறது என்று முதல் தடவையாகக் கேட்டார்கள். அதிக நாள் ஓடவில்லை, 2010இல் ஆட்சி மாறியதும் அந்தக் குறியீட்டுப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள், கவுன்சில்களைத் தணிக்கை செய்த ஆடிட் கமிஷனையும் மூடுவதாக அறிவித்து 2015 மார்ச்சில் மூடியும்விட்டார்கள். மேலிருந்து வரும் கெடுபிடி குறைந்தது நல்லதுதான் என்று கவுன்சில்களில் சிலர் நினைத்திருக்கலாம். மக்கள் பக்கம் நின்று பார்த்தால், பக்கத்துக் கவுன்சிலையும் நம் கவுன்சிலையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கிற வழி போய்விட்டது.

அதன் பிறகு மிஞ்சியது என்ன? இத்தனை சோதனை இந்த வருஷம் முடிக்க வேண்டும், அதில் இத்தனை சதவீதம் முடித்தோம். இது பொய்க் கணக்கு இல்லை, ஆனால் சுலபமாக வளைக்கக்கூடிய கணக்கு. கடைகளை ஆபத்தைப் பொறுத்து ஏ முதல் ஈ வரை பிரித்து வைத்திருக்கிறார்கள். ஏ என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, பி வருஷத்துக்கு ஒரு தடவை, சி பதினெட்டு மாதம், டி இரண்டு வருஷம், ஈ என்றால் மூன்று வருஷம் அல்லது நேரில் போகாமல் வேறு வழியில் விசாரித்தாலே போதும். பெட்டியில் அடைத்த பிஸ்கட்டும் சோடாவும் விற்கிற கடைக்குள் போய் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு வரலாம். மோசமான ஒரு டேக்அவே என்றால் ஒரு நாள் முழுக்கப் போகும், அதற்கப்புறம் நோட்டீஸ், மறுபடி போய்ப் பார்ப்பது, நீதிமன்றம் என்று மாதக்கணக்கில் இழுக்கும். இரண்டுமே கணக்கில் ஒவ்வொரு சோதனைதான் என்றால் ஆள் குறைவாக இருக்கிற அலுவலகம் எந்தப் பக்கம் சாயும்? ஆள் குறைந்துதான் இருக்கிறது. 2012-13க்கும் 2017-18க்கும் நடுவில் உணவுச் சுகாதாரத்துக்குக் கவுன்சில்கள் செய்த செலவு சுமார் 19 சதவீதம் சரிந்ததாக, அரசுச் செலவைத் தணிக்கை செய்கிற நேஷனல் ஆடிட் ஆபீஸ் 2019 அறிக்கையில் மதிப்பிட்டிருந்தது.

டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் பக்கம் இந்த வளைவு இன்னும் வேடிக்கையாக இருக்கும். நம் ஆட்கள் மூலைக்கடை நடத்துகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: 18 வயது ஆகாத ஒரு பிள்ளையைக் கடைக்குள் அனுப்பி பீரோ சிகரெட்டோ கேட்க வைப்பார்கள், கொடுத்தால் மாட்டினீர்கள். இதில் எத்தனை சதவீதக் கடைகள் விற்றன என்பதை அளவுகோலாக வைத்தால் என்ன ஆகும்? புகார் வந்த கடைகளாகத் தேடிப் போகிற கெட்டிக்கார அதிகாரிக்குப் பாதிக் கடைகள் மாட்டும், அவருடைய ஊர் மோசமான ஊராகத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகப் போகிறவருக்கு ஒன்றிரண்டு மாட்டும், அவருடைய ஊர் ஒழுங்கான ஊர் என்று பெயர் வாங்கும். ஒரே எண், இரண்டு ஊர், அர்த்தம் நேர் எதிர்.

அப்படியானால் நோயையே எண்ணிவிடலாமே என்று தோன்றும். பிரிட்டனில் உணவால் நோய்வாய்ப்படுவது ஆண்டுக்குச் சுமார் 24 லட்சம் தடவை என்று ஏஜென்சியின் மதிப்பீடு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் படுத்து எழுந்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் யாரும் டாக்டரிடம் போவதில்லை, போனாலும் எந்தக் கடை, எந்தச் சாப்பாடு என்று தெரியாது, பாதி வீட்டில் சரியாக வேகாத கோழியாகக்கூட இருக்கலாம். புகார் கொடுங்கள் என்று மக்களை ஊக்குவிக்கிற கவுன்சிலில் எண் ஏறும், போனை எடுக்காத கவுன்சிலில் இறங்கும்.

போன் எடுப்பது என்றதும் என் சொந்த அனுபவம் ஒன்று. எங்கள் தெருவில் ஒரு டேக்அவேயின் பின்பக்கம் குப்பைத்தொட்டி நிரம்பி வழிந்து, எலி பகலிலேயே உலா வந்தது. கவுன்சில் பெயர் வேண்டாம், எந்தக் கவுன்சிலாக இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். இணையத்தில் புகார் போட்டேன், ரெஃபரன்ஸ் நம்பர் உடனே வந்தது, அவர்கள் சொன்ன கெடுவுக்குள்ளேயே "உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது, இந்தப் புகார் முடித்துவைக்கப்படுகிறது" என்று மின்னஞ்சலும் வந்தது. எங்கள் சேவை எப்படி இருந்தது, ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை என்று கீழே ஒரு இணைப்பு வேறு! எலிக்கு அந்த மின்னஞ்சல் போய்ச் சேரவில்லை போல, அது பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு வயதான அதிகாரி கடைசியில் நேரில் வந்தார், வந்த அன்றே கடைக்காரரிடம் பேசி மூடியுள்ள தொட்டியும் வாரம் இரண்டு தடவை குப்பை எடுக்கவும் ஏற்பாடு செய்தார், பிரச்சினை தீர்ந்தது. கணக்கில் என்ன இருக்கும் தெரியுமா? அந்த மின்னஞ்சல், குறித்த நேரத்தில் போனது என்று. அந்த மனிதர் வந்தது எங்கே ஏறியிருக்கும் என்று எனக்கு ஒரு யூகமும் இல்லை.

ஸ்டிக்கரிடம் திரும்பி வருகிறேன். வேல்ஸில் 2013 நவம்பரில் இருந்தும் வட அயர்லாந்தில் 2016 அக்டோபரில் இருந்தும் வாசலில் ஒட்டியே ஆக வேண்டும், வேல்ஸில் ஒட்டாவிட்டால் 200 பவுண்டு அபராதம். இங்கிலாந்தில் இஷ்டம் இருந்தால் ஒட்டலாம். 5 வாங்கியவர் கண்ணாடி நடுவில் ஒட்டுவார், 1 வாங்கியவர் ஸ்டிக்கரை டிராயரில் போட்டுவிட்டு "வாய்க்கு ருசியான வீட்டுச் சாப்பாடு" என்று பேனர் கட்டுவார். முக்கால்வாசிக் கடைகள் 5 வாங்கிவிட்ட நிலையில் 5 என்ற எண் பெரிதாக எதையும் சொல்வதில்லை, ஸ்டிக்கர் இல்லாத கண்ணாடிதான் சொல்கிறது. தேதியும் கவனிக்க வேண்டிய விஷயம். டி பிரிவுக் கடைக்கு இரண்டு வருஷத்துக்கு முன் கொடுத்த 5 இன்னும் தொங்கும், நடுவில் சமையல்காரர் மாறியிருப்பார், சில இடத்தில் முதலாளியே மாறியிருப்பார். புதிதாகப் பதிவு செய்த கடைக்குச் சீக்கிரமே முதல் சோதனை நடக்க வேண்டும், ஆனால் நான் போய்வருகிற புதுக் கடைகளில் சில மாதக்கணக்கில் "சோதனைக்குக் காத்திருக்கிறது" என்றே ரேட்டிங் போடும் இணையதளத்தில் நிற்கின்றன.

என் கையில் விட்டால் கவுன்சில் வருஷத்துக்கு ஒரு தடவை நாலே நாலு விஷயம் வெளியிட்டால் போதும் என்பேன். ஏ, பி பிரிவில் தேதி தாண்டியும் போகாத கடை எத்தனை. கடை திறந்து முதல் சோதனை நடக்க எத்தனை நாள் ஆகிறது. 0, 1, 2 வாங்கிய கடைகளில் எத்தனை 3க்கு ஏறின, அடுத்த சோதனையிலும் அங்கேயே நின்றன (ஒரு வாரத்துக்குக் கழுவித் துடைத்து, காசு கட்டி மறுசோதனை வாங்கி, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிற கடைகளை இது பிடித்துவிடும்). புகார் கொடுத்தவரிடம் ஒரு மாதம் கழித்து, பிரச்சினை தீர்ந்ததா இல்லையா என்ற ஒரு கேள்வி. வணிகர்களைக் கேட்பதும் நல்லதுதான், ஆனால் திருப்தி என்ற வார்த்தையைப் போட்டுக் கேட்க வேண்டாம், 1 வாங்கியவர் எப்படித் திருப்தியாக இருப்பார்? எதைத் திருத்த வேண்டும் என்று உங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார்களா என்று கேட்டால் போதும்.

மார்க் போடுகிறேன், அவர்களுடைய கோலாலேயே. கையாளுதல், அதாவது அதிகாரி கடைக்குள் வந்து செய்கிற வேலை: 5. நான் பார்த்தவரை விஷயம் தெரிந்தவர்கள், மரியாதையாகப் பேசுகிறவர்கள், சரியில்லை என்று நினைக்கிற கடைக்காரர் 21 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், தன் பக்கப் பதிலையும் தளத்தில் போடலாம். கட்டமைப்பு, அதாவது ஸ்டிக்கரும் தளமும்: இங்கிலாந்துக்கு 10, மறைக்க விடுவதால். வேல்ஸுக்கு 5. நிர்வாகத்தை நம்பலாமா: 10. தன் வேலையை எண்ணிக்கையால் மட்டும் அளக்கிற அலுவலகத்துக்கு இதற்குக் கீழே குறைக்க மனம் வரவில்லை. கூட்டினால் இங்கிலாந்துக்கு 25, ஸ்டிக்கர் 3. வேல்ஸுக்கு 20, ஸ்டிக்கர் 4.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, நம் ஆட்களுக்கே உரியது. வீட்டில் சமைத்து வாட்ஸ்அப் குழுவில் சோற்றுப் பார்சலும் ரோல்ஸும் பிறந்தநாள் கேக்கும் விற்கிற அக்காமார் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், சாப்பாடு பல கடைகளைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் பதிவு செய்யாதவரை கவுன்சிலின் எந்த சதவீதத்திலும் அவர்கள் இல்லை, மேலேயும் இல்லை கீழேயும் இல்லை. தொடங்குவதற்கு 28 நாள் முன்னால் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும், இலவசம், முடியாது என்று அவர்கள் மறுக்கவும் முடியாது. வீட்டு முகவரி முழுதாகத் தளத்தில் வராது, அந்தப் பயம் வேண்டாம். அடுத்த தடவை ஆர்டர் போடும்போது "அக்கா, கவுன்சிலில் பதிந்துவிட்டீர்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்தப் படிவத்தை நிரப்ப உதவி செய்யுங்கள், ஆங்கிலத்தில் இருப்பதால்தான் பாதிப் பேர் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.